கம்பியால் கட்டிய டேம்பர்

சீலிங்குக்கு மேலே மூடவே முடியாதபடி கட்டிக் கிடந்த ஃபயர் டேம்பர்களுக்கு, ‘சோதித்தாயிற்று, சரியாக இயங்குகிறது’ என்று கையெழுத்துப் போட்டவன் நான். கட்டச் சொன்னவனும் நானே.

ஏசி டக்ட் தீத்தடுப்புச் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் இந்த டேம்பரை வைப்பார்கள். அதன் தகடுகளைத் திறந்தபடி பிடித்திருப்பது ஃப்யூசிபிள் லிங்க்: விரல் நீளம்கூட இல்லாத இரண்டு உலோகத் துண்டுகள், நடுவில் பற்றவைப்பு. சூடு 72 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறினால் பற்று உருகும், துண்டுகள் பிரியும், ஸ்பிரிங் தகடுகளைச் சாத்திவிடும். கரண்டும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஏர் பேலன்சிங் செய்தபோது நாலாவது மாடியில் காற்று போதவில்லை. ஏணி போட்டுப் பார்த்தால் லிங்க் கழன்று டேம்பர் சாத்திக் கிடந்தது. சைட்டில் மாற்று லிங்க் இல்லை. கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டச் சொன்னேன். அப்புறம் இன்னும் இரண்டு. லிங்க் வந்ததும் மாற்றிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் ஃபால்ஸ் சீலிங் ஏறிவிட்டது. பிரிக்கச் சொன்னால் ஒப்படைப்பு தள்ளிப்போகும், பில் நிற்கும். படிவம் வந்தது, எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. 1980-இல் லாஸ் வேகாஸ் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் தீ பிடித்தது கீழ்த்தளத்தில். இறந்த 85 பேரில் பெரும்பாலோர் மேல்மாடிகளில் புகையில் மூச்சடைத்துப் போனவர்கள். புகைக்கு வழிவிட்டவற்றில் ஒழுங்காக மூடாத டேம்பர்களும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே இதைப் படித்திருந்தேன்.

2011 டிசம்பரில் கொல்கத்தா ஏஎம்ஆர்ஐ மருத்துவமனையின் அடித்தளத்தில் தீ. ஏசி டக்ட் வழியாகவும் புகை வார்டுகளுக்கு ஏறியது. எழுந்து ஓட முடியாத நோயாளிகள் உட்பட ஏறக்குறைய 90 பேர் இறந்தார்கள். செய்தியைப் படித்ததும் என் மூன்று கம்பிகள்தான் கண்முன் நின்றன. அப்போதும் வாய் திறக்கவில்லை. கட்டியதைவிட அந்த மௌனம் பெரிய குற்றம் என்றே நினைக்கிறேன். கட்டும்போது அவசரம் இருந்தது, மறைக்கும்போது பயத்தைத் தவிர எதுவும் இல்லை.

இப்போது அந்தக் கட்டடத்தின் பராமரிப்பு மேலாளருக்குக் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். எந்தச் சுவர், எந்தத் தூணிலிருந்து எத்தனையாவது சீலிங் பலகை என்று வரைந்து காட்டியிருக்கிறேன். கம்பியை வெட்டிப் புது லிங்க் மாட்டிய பிறகு, அதைக் கழற்றிவிட்டுத் தகடுகள் தானாகச் சாத்துகின்றனவா என்று கண்ணால் பார்க்கும்படியும், மற்ற டேம்பர்களுக்கும் என் கையெழுத்தை நம்ப வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன். சீலிங் பிரிக்கும் செலவு என்னுடையது.