கல்லறை இல்லாதவர்கள்

புகைவண்டி வந்த கதை ஒவ்வோர் ஊருக்கும் உண்டு. பிற ஊர்களில் மண்ணை வெட்டி இருப்புப்பாதை அமைத்தனர். இராமேசுவரம் தீவுக்கோ கடலின் மீதே அமைக்க வேண்டியிருந்தது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமுடைய பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24-இல் திறக்கப்பட்டது. கப்பல் வரும் வேளையில் தொழிலாளர் தம் கைகளால் பொறியைச் சுழற்றுவர். பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலெழுந்து வழிவிடும். சென்னையிலிருந்து 'போட் மெயில்' வண்டியில் தனுஷ்கோடி சேர்ந்த பயணிகள், அங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மீண்டும் புகைவண்டியில் கொழும்பு சென்றனர்.

1964 டிசம்பர் 22. கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு மூன்று நாள்களே இருந்தன. அன்றிரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற பயணிகள் வண்டியைப் புயலும் பேரலையும் வாரிக்கொண்டன. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தனுஷ்கோடியும் அழிந்தது. அவ்வூருக்குச் சென்ற இருப்புப்பாதை பின்னர் புதுப்பிக்கப்படவே இல்லை.

பாம்பன் பாலத்தின் இரும்பு உத்திரங்களும் கடலில் வீழ்ந்தன. பொறியாளர் இ. ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாள்களில் பாலம் செப்பனிடப்பட்டது. உத்திரங்கள் கடலடியில் கிடந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தது மீனவரின் கண்ணே. 2022 டிசம்பரில் அப்பழைய பாலத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன் அருகே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டது. அதன் நடுப்பகுதி பிரியாமல் அப்படியே செங்குத்தாக உயர்கிறது. மனித அறிவுக்கும் உழைப்புக்கும் இறைவன் அளித்த ஆற்றலை எண்ணி நாம் மகிழ்கிறோம்.

ஆயினும், தனுஷ்கோடியில் கூரையிழந்து நிற்கும் நம் ஆலயத்தின் சுவர்களுக்கிடையே நாம் நின்றபோது, உள்ளத்தில் வேறோர் எண்ணமே எழுந்தது. உத்திரங்களை மனிதர் கடலிலிருந்து மீட்டனர்; மாண்டோர் எல்லாரையும் மீட்க இயலவில்லை. நவம்பர் 2-ஆம் நாள் நம் பங்குகளில் கல்லறைகளை மலர்களால் அணி செய்து மெழுகுதிரி ஏற்றுகிறோம். கல்லறையே இல்லாதவர்களுக்காக எங்கே ஏற்றுவது?

அன்புக் குடும்பங்களே! புதிய பாலத்தைக் கடக்கும்போது சன்னல் வழியே பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுங்கள். பாலத்தின் சிறப்பைச் சொல்லுங்கள். அவ்விரவில் கரை சேராதவர்களைப் பற்றியும் சொல்லுங்கள். அவர்கள் எம்மதத்தவராயினும் இறைவனின் மக்களே. அவர்களுக்காக ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள் நிறை மந்திரமும் சொல்லி முடிக்க, அப்பாலத்தின் நீளம் போதும்.