கப்பலுக்குக் கொடுத்த அச்சாரம்

அச்சாரம் என்னும் சொல் நம் ஊர்களில் இன்னும் வழக்கொழிந்து போகவில்லை. வீடாயினும், மாடாயினும், திருமண மண்டபமாயினும் பேச்சு முடிந்தவுடன் ஒரு சிறு தொகை கைமாறுகிறது. அந்தத் தொகை விலையின் ஒரு பகுதி மட்டுமன்று. "நான் சொன்ன சொல்லில் நிற்பேன்" என்பதற்கு அது சாட்சி. கிரேக்க மொழியில் இதற்கு 'அர்ராபோன்' என்று பெயர். செமித்திய வணிகர்கள் வாயிலாகக் கிரேக்கத்துக்குச் சென்ற சொல் அது. தொடக்கநூலில் யூதா தன் முத்திரையையும் கோலையும் தாமாரிடம் விட்டுச் சென்றதும் இதே பொருளில்தான். தூய பவுல் தம் திருமுகங்களில் எடுத்தாண்டதும் இதே சொல்லைத்தான். குருமடத்தில் இச்சொல்லை இறையியல் நோக்கில் மட்டுமே படித்தோம். அதன் வணிகப் பக்கத்தை உரோமைச் சட்டத்தில் காணலாம். கி.பி. 533-இல் வெளியான யுஸ்தீனியன் பேரரசரின் சட்ட நூல் கூறும் விதி இது: வாங்குபவர் பின்வாங்கினால் கொடுத்த அச்சாரத்தை இழப்பார்; விற்பவர் பின்வாங்கினால் வாங்கியதை இரட்டிப்பாகத் திருப்பித் தருவார். இருபுறமும் கட்டும் கயிறு அது.

இந்தப் பழைய விதி நினைவுக்கு வந்ததற்குக் காரணம், சற்றும் எதிர்பாராத ஒரு பொருள்: அமெரிக்க உல்லாசக் கப்பல்களின் முன்பண விதிகள்.

எங்கள் பங்கில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் அவர் துணைவியாருக்கும் திருமணப் பொன்விழா நெருங்கியது. ஹூஸ்டன் நகரில் பணிபுரியும் மகன், பெற்றோரை வரவழைத்து, அருகிலுள்ள கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து ஏழு இரவுகள் கரீபியன் கடலில் அழைத்துச் செல்ல விரும்பினார். ராயல் கரீபியன், கார்னிவல் ஆகிய இரு நிறுவனங்களின் விதிகளையும் அச்சிட்டு அனுப்பியிருந்தார். ஆசிரியர் அந்தத் தாள்களைப் பங்கு இல்லத்திற்கு எடுத்து வந்து, "சாமி, கப்பல் எது நல்லாயிருக்கும்னு நான் கேக்கல. எதுல காசு போகாதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். கேள்வியின் காரணம் எனக்குத் தெரியும். அம்மாவுக்கு முந்தைய ஆண்டுதான் இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். பயணம் நடக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது.

இரண்டு மாலைப் பொழுதுகள் அந்தத் தாள்களோடு அமர்ந்தேன். முதலில் தெளிவானது இதுதான்: இவ்வணிகத்தில் கப்பல் புறப்படும் நாளைவிட, முழுப்பணமும் செலுத்தியாக வேண்டிய நாளே முதன்மையானது. ராயல் கரீபியனில் ஐந்து இரவுகளும் அதற்கு மேலும் நீளும் பயணங்களுக்கு அது புறப்பாட்டுக்கு 90 நாள்களுக்கு முன்பு. குறும்பயணங்களுக்கு 75 நாள்களுக்கு முன்பு. கார்னிவலிலும் ஏழு நாள் பயணத்திற்கு 90 நாள்களே. நார்வீஜியன் நிறுவனமோ 120 நாள்களுக்கு முன்பே கேட்கிறது. அந்நாள் வரை, திரும்பப் பெறத்தக்க முன்பணம் செலுத்தியவர் இழப்பின்றி விலகலாம். அந்நாள் கடந்தபின் ஒவ்வொரு வாரத்திற்கும் ஒரு விலை உண்டு.

அந்த விலையை இரு நிறுவனங்களும் ஒரே வகையில் கணக்கிடுவதில்லை என்பதை அறிந்தபோது வியப்பே ஏற்பட்டது. இருவருக்குமான கட்டணம், வரிகளும் துறைமுகச் செலவுகளும் நீங்கலாக, 3,000 டாலர் என்றும், முன்பணம் ஆளுக்கு 250 வீதம் 500 டாலர் என்றும் வைத்துக்கொள்வோம். நான் படித்த விதிகளின்படி, புறப்பாட்டுக்கு 80 நாள்கள் இருக்கும்போது விலகினால் ராயல் கரீபியன் கட்டணத்தில் 25 விழுக்காட்டை, அதாவது 750 டாலரைப் பிடித்துக்கொள்ளும். கார்னிவல் பிடிப்பது முன்பணமான 500 மட்டுமே. 70-ஆம் நாளில் முன்னது 1,500. பின்னது அதே 500. 60-ஆம் நாளுக்கு வரும்போது முன்னது 75 விழுக்காட்டுக்குத் தாவி 2,250 ஆகிவிடுகிறது. பின்னது 56-ஆம் நாள் வரை 500-லேயே நிற்கிறது. அதன்பின் கார்னிவலும் ஏறத் தொடங்குகிறது: 55 முதல் 30 நாள் வரை பாதி, 29 முதல் 15 வரை முக்கால், கடைசி 14 நாள்களில் முழுவதும். ராயல் கரீபியனில் கடைசி 30 நாள்களிலேயே முழுத்தொகையும் போய்விடும். கடலில் இரண்டும் ஒரே நீரில்தான் மிதக்கின்றன. கரையில் இருக்கும்போதே இத்தனை வேறுபாடு! (இவ்விதிகள் அவ்வப்போது மாற்றப்படுபவை. முன்பதிவு செய்யும் நாளில் அச்சிட்டுத் தரப்படுவதே செல்லுபடியாகும்.) எவ்வாறாயினும், கப்பலேறாதவருக்கு வரிகளும் துறைமுகக் கட்டணங்களும் திரும்பக் கிடைத்துவிடும்.

முன்பணத்திலேயே இரண்டு வகைகள் உண்டு. திரும்பப் பெறத்தக்கது ஒன்று, திரும்பாதது மற்றொன்று. திரும்பாததைத் தேர்ந்தால் அறைக் கட்டணம் சற்றுக் குறையும். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் விலை பெரும்பாலும் இதுவே. ராயல் கரீபியனில் இவ்வகை முன்பணம் கட்டியவர் கப்பலையோ தேதியையோ மாற்ற விரும்பினால் ஆளுக்கு 100 டாலர் கட்டணம் உண்டு. உடல்நலம் உறுதியாயுள்ள இளையோருக்கு இது பொருந்தலாம். ஸ்டென்ட் வைத்தவருக்கு இந்தத் தள்ளுபடி தள்ளுபடியே அன்று என்பது என் கருத்து. மகனிடம் அதையே சொல்லச் சொன்னேன்.

மூன்றாவதாக ஒரு விதி, அதிகம் பேசப்படாதது. கப்பல் அறைகளின் கட்டணம் இருவர் தங்குவதாகக் கொண்டு வகுக்கப்படுகிறது. இருவரில் ஒருவர் விலகி மற்றவர் மட்டும் பயணம் செய்தால், எஞ்சியவர் பெரும்பாலும் ஏறத்தாழ இருவர் கட்டணத்தையே செலுத்த நேரும். இதை விளக்கியபோது அம்மாவும் உடனிருந்தார்கள். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நான் வரலேன்னாலும் எனக்கும் சேர்த்துத்தான் காசு வாங்குவானா? நல்லதாப் போச்சு. என் கட்டில்ல வேற யாரும் படுக்க மாட்டாங்க" என்றார்கள். ஆசிரியர் சிரிக்கவில்லை. "அவ வரலேன்னா நான் எதுக்குப் போறேன்?" என்று தாள்களை மடித்தார். ஒருவர் இல்லாமற்போகும் நாளைப் பற்றி அந்த இருவரும் என் முன்னிலையில் பேசியது அதுவே முதல்முறை. அதற்கு ஒரு கப்பல் நிறுவனத்தின் கட்டண விதி வாய்ப்பளித்தது.

நிறுவனங்களின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று கூறமாட்டேன். விற்காத அறையோடு கப்பல் புறப்பட்டுவிட்டால் அந்த வருமானம் போனது போனதுதான். நெல்லைப்போல் அதை அடுத்த வாரத்திற்குச் சேமித்து வைக்க இயலாது. நூறு நாள்களுக்கு முன் காலியாகும் அறையை எளிதில் மறுபடியும் விற்கலாம். பத்து நாள்களுக்கு முன் காலியாவதை விற்பது கடினம். ஆகவே நாள் நெருங்க நெருங்க இழப்பீடு கூடுவது அறிவுக்கு ஒத்ததே. நேர்ந்த இழப்புக்கும் தவறிய ஆதாயத்துக்கும் ஈடு கேட்கலாம் என்பதை இடைக்கால அறநெறி ஆசிரியர்களும் ஏற்றனர். ஆனால் அவ்வாசிரியர்கள் உண்மையான இழப்பைப் பற்றியே பேசினர். இவ்விதிகளிலோ, விலகியவரின் அறை மறுநாளே வேறொருவருக்கு விற்கப்பட்டாலும் பிடித்த தொகை பிடித்ததே. ஒரே கட்டிலுக்கு இருமுறை விலை பெறுவதை ஈடு என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

விற்பவரே பின்வாங்கினால் என்ன ஆகும்? 2020-ஆம் ஆண்டு அதைக் காட்டிற்று. அவ்வாண்டு மார்ச் 14 அன்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் உல்லாசக் கப்பல்களின் ஓட்டத்தை நிறுத்தி ஆணையிட்டது. பயணிகளுக்குச் செலுத்திய பணத்தைத் திரும்பப் பெறும் வழியும் இருந்தது. அதற்குப் பதிலாக 125 விழுக்காடு மதிப்புள்ள வருங்காலப் பயண வரவை ஏற்கும் வாய்ப்பையும் ராயல் கரீபியன் போன்றவை அளித்தன. கையிருப்பு வற்றிய நிறுவனங்களுக்குப் பணத்தைவிட வாக்குறுதியைக் கொடுப்பது எளிதாயிற்று. பணம் கேட்டவர்கள் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தனர்.

காத்திருக்கும் காலம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பிரிட்டனில் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஏற்பாட்டாளரே பயணத்தை ரத்து செய்தால் 14 நாள்களுக்குள் பணம் திரும்ப வேண்டும். அமெரிக்காவில் பயணிகளின் பணத்துக்குக் கப்பல் நிறுவனங்கள் ஈடு காட்ட வேண்டும் என்ற சட்டம் 1966 முதலே இருந்தபோதிலும், எப்போது, எத்தனை நாளில் திருப்ப வேண்டும் என்ற தெளிவு 2022-இல்தான் வந்தது. பயணம் ரத்தானாலோ, மூன்று நாள்களோ அதற்கு மேலோ தாமதமாகிப் பயணி செல்ல விரும்பாவிட்டாலோ, முழுப்பணமும் 60 நாள்களில் திரும்ப வேண்டும் என்று கூட்டரசின் கடல்சார் ஆணையம் விதித்தது. ஒரே பயணம், ஒரே முறிவு. இலண்டன்காரருக்கு இரண்டு வாரம், ஹூஸ்டன்காரருக்கு இரண்டு மாதம். இவ்விரு நாடுகளிலும் இரட்டிப்பு இல்லை. யுஸ்தீனியனின் கயிற்றில் ஒரு முனை அவிழ்ந்து கிடக்கிறது.

முன்பணம் இந்நிறுவனங்களுக்கு எத்துணை முக்கியமானது என்பதற்கு ஓர் எண் போதும். கார்னிவல் குழுமம் 2024 மே இறுதியில் தன்னிடம் வாடிக்கையாளர்கள் செலுத்தியிருந்த முன்தொகை 830 கோடி டாலர் என அறிவித்தது. இன்னும் நடவாத பயணங்களுக்காக மக்கள் கொடுத்த பணம், வட்டியில்லாமல்! அமெரிக்க ஆணையம் ஒரு நிறுவனத்திடம் கேட்கும் ஈட்டின் உச்சவரம்போ 2015-இல்தான் 3 கோடி டாலராக உயர்ந்தது. குழுமத்தில் பல நிறுவனங்கள் உண்டு, அந்த 830 கோடியும் அமெரிக்கப் பயணிகளுடையது மட்டுமன்று. ஆயினும் இரு எண்களுக்கும் இடையிலுள்ள தொலைவு சிந்திக்க வைக்கிறது. 2022-இன் தொடக்கத்தில் கிரிஸ்டல் குரூசஸ் நிறுவனம் நொடித்தபோது, முன்பணம் கட்டியிருந்தவர்கள் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க நேர்ந்தது.

காப்பீடு எடுத்தால் ஆகாதா என்று ஆசிரியர் கேட்டார். ஆகும், ஆனால் அதற்கும் நாள் கணக்கு உண்டு. எக்காரணம் கொண்டும் விலகலாம் எனும் வகைக் காப்பீடு வழக்கமாகச் செலவில் 75 விழுக்காடு வரைதான் தரும். முதல் முன்பணம் கட்டிய 14 முதல் 21 நாள்களுக்குள் அதை வாங்கியாக வேண்டும். முன்பே உள்ள நோயை ஏற்பதற்கும் பெரும்பாலும் இதே காலவரம்புதான். மருத்துவர் தலையை அசைத்த பின்பு ஓடினால் கதவு சாத்தியிருக்கும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவர்கள் மகனிடம் திரும்பப் பெறத்தக்க முன்பணத்தையே கட்டச் சொன்னார்கள். இறுதித் தவணை நாளுக்கு ஒரு வாரம் முன்பாக இதய மருத்துவரைப் பார்ப்பதென்றும் முடிவாயிற்று.

விதிகளைப் படித்துப் பார்க்காதது பயணியின் குற்றமே என்று சிலர் கூறக்கூடும். 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் இதுவே வந்தது. வாஷிங்டன் மாநிலத்துத் தம்பதியர் கார்னிவல் கப்பலில் சென்றபோது மனைவி வழுக்கி விழுந்து காயமுற்றார். தம் ஊரில் வழக்கிட்டனர். பயணச்சீட்டின் சிறு எழுத்துகளில், வழக்குகள் ஃபுளோரிடாவில்தான் என்று இருந்ததை நிறுவனம் காட்டியது. ஏழு நீதிபதிகள் அதை ஏற்றனர். மாறுபட்ட இருவரில் ஒருவரான நீதிபதி ஸ்டீவன்ஸ், சீட்டின் எழுத்து எவ்வளவு சிறியது என்று எல்லாரும் காணும்படி, அதன் நகலை அதே அளவில் தம் தீர்ப்புடன் இணைத்தார். அந்த விதி 25 பத்திகளில் எட்டாவது. அவர் சுட்டிய மற்றொன்று நம் பொருளுக்கு நேரானது: சீட்டு கைக்கு வருவது பணம் கட்டிய பின்பு, படித்துவிட்டு வேண்டாம் என்று திருப்பினால் பணம் திரும்பாது என்பதும் அச்சீட்டிலேயே இருந்தது.

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே உல்லாசக் கப்பல் புறப்பட்டது. ராயல் கரீபியனிடம் முன்பு இருந்த 'எம்ப்ரஸ்' கப்பல்தான் கோர்டிலியா என்னும் நிறுவனத்தின் பெயரில் வந்தது. அடுத்த ஆண்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரையும் சென்றது. நம் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் எது என்று வரையறுக்கும்போது, ஒப்பந்தத்தை முறிப்பவர்மீது நேர்ந்த இழப்புக்குச் சற்றும் பொருந்தாத தண்டம் விதிப்பதையும் அதில் சேர்த்திருக்கிறது. அத்தகைய முறையீட்டை மாவட்ட ஆணையத்தில் கொடுக்க இயலாது. மாநில ஆணையத்திடம்தான் கொண்டுசெல்ல வேண்டும். சென்னையில் கப்பலேறுகிறவருக்கு அந்த வாயில் உண்டு. கால்வெஸ்டனில் ஏறுகிற நம் ஆசிரியருக்கு, இரு நிறுவனங்களின் தாள்களிலும் அச்சாகியிருப்பது மயாமி நகரத்து நீதிமன்றம்.