வேலிக்கு இந்தப் பக்கம் கல்பாக்கம்

மாமல்லபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், நாலு கைடுகள் சூழ்ந்துகொள்வார்கள். 'அர்ஜுனன் தபஸ் சார், வெண்ணெய் உருண்டை சார், இங்கிலீஷ், இந்தி எல்லாம் பேசுவேன் சார்' என்று. அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே இன்னும் 15 கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். கைடு கிடையாது. பாசிமணி விற்பவர் கிடையாது. இடது பக்கம் நீளமாக ஒரு வேலி. அதற்கு அந்தப் பக்கம் கடல் வரை அணுசக்தித் துறை. போட்டோ எடுக்க ஆசைப்பட்டால் துப்பாக்கி வைத்திருப்பவர் ஒருவர் மரியாதையாக வந்து விசாரிப்பார்.

இதுதான் கல்பாக்கம். சென்னையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடப் புத்தகம் படித்த எல்லோருக்கும் பேர் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வேலிக்கு வெளியே புதுப்பட்டினத்தில் ஓட்டல், துணிக்கடை, நகைக்கடை, செல்போன் ரிப்பேர் என்று சகலமும் கிடைக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்குக் காகிதத்தைத்தான் நம்ப வேண்டும்.

காகிதம் சொல்கிற கதை சுருக்கமாக: 1971-ல் ஆராய்ச்சி மையம் வந்தது. 1985-ல் அதற்கு இந்திரா காந்தி பெயர் வைத்தார்கள். சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-லும் இரண்டாவது 1985-லும் இயக்கம் கண்டன. நம் நாட்டு இன்ஜினீயர்களே கட்டிய முதல் அணுமின் நிலையம் இதுதான். பெருமைப்பட வேண்டிய விஷயம், சந்தேகமே இல்லை.

ஆனால் பெருமை வேறு, கணக்கு வேறு. பி.காம். படித்தவனுக்கு இந்தப் புத்தி போகாது. கோயில் கோபுரத்தைப் பார்த்தால்கூட 'டெண்டர் யாருக்குப் போச்சு?' என்றுதான் முதலில் தோன்றும்.

டவுன்ஷிப்பை ஒட்டியே சதுரங்கப்பட்டினம். வெள்ளைக்காரன் வாயில் நுழையாமல் 'சட்ராஸ்' ஆகிவிட்டது. 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே வந்து மஸ்லின் துணி வாங்கி ஏற்றுமதி செய்தார்கள். அவர்கள் கட்டிய செங்கல் கோட்டை இன்னும் நிற்கிறது. 1781-ல் ஆங்கிலேயர் அடித்த அடியில் பாதி போச்சு. மீதியைத் தொல்லியல் துறை காப்பாற்றி வைத்திருக்கிறது. உள்ளே டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன. கல்லில் அவ்வளவு நுணுக்கமான எழுத்து வேலை! யார், என்ன பதவி, எப்போது இறந்தார் என்று பளிச்சென்று வெட்டியிருக்கிறது. செத்த பிறகும் ரிக்கார்டு பக்காவாக வைத்திருக்கிறார்கள்.

கோட்டையிலிருந்து இரண்டு நிமிடம் நடந்தால் கடற்கரை. வடக்கே திரும்பிப் பார்த்தால் தூரத்தில் அணு உலையின் கட்டடங்கள். ஃபைபர் போட்டு நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். பேச்சுக் கொடுத்தேன்.

"பயமா இருக்காதா ஐயா, பக்கத்துலயே இவ்வளவு பெரிய சமாசாரம்?"

"பயம் இன்னா சார் பயம்? கடலுக்குப் போறவன் எதுக்குப் பயப்படறது? எங்க ஊட்டுப் புள்ளைங்கள்ல ஒருத்தன் உள்ள காண்ட்ராக்ட்ல வேலை பாக்கறான். சோறு போடுது. ஆனா ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா பேப்பர்ல வந்தாத்தான் எங்களுக்கே தெரியும். நாங்க யாரைப் போய்க் கேக்கறது? கேட்டுகிட்ட போனா செக்யூரிட்டி 'போ போ'ங்கறான். அவனைச் சொல்லிக் குத்தமில்ல, அவனுக்கே தெரியாது."

பெரியவர் சொன்னதில் மிகை இல்லை. 2003 ஜனவரி 21-ம் தேதி இங்கே உள்ள எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஒரு வால்வு பழுதாகி, கதிரியக்கம் மிகுந்த கழிவு வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டது. அது தெரியாமல் மாதிரி எடுக்கப் போன ஆறு ஊழியர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். வெளியுலகத்துக்கு விஷயம் தெரிய மாதங்கள் ஆயின. அந்த ஆலை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கீழ் வருவது. அந்த மையத்தின் நிலையங்களை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பார்வையிலிருந்து 2000-ம் ஆண்டிலேயே விலக்கியிருந்தார்கள். அதாவது, வாத்தியார் மார்க் போட வேண்டிய பேப்பரைப் பையனே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் டவுன்ஷிப்பில் பல உயிர்கள் போயின. ஆனால் ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள் உள்ளே இருந்தவர்கள். கெட்டதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இல்லாத இடத்தில், நல்லதையும் யாரும் முழுசாக நம்ப மாட்டார்கள். அதுதான் சங்கடம்.

சரி, பெரியவர் கேட்ட கேள்விக்கு வருவோம். யாரைப் போய்க் கேட்பது?

கலெக்டரை? அணுசக்தித் துறை மாநில அரசின் கையில் இல்லை. நேராகப் பிரதமரின் பொறுப்பில் இருப்பது. ஆக, வாசலில் நின்று கேட்க முடியாத கேள்வியை டெல்லியில் நின்று கேட்கலாம். அதற்கு உரிமை உள்ளவர் ஒரு எம்.பி. மந்திரியாக வேண்டாம், கட்சித் தலைவராக வேண்டாம். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தவராக இருந்தாலும் போதும். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு என்றால் வாத்தியார் கேள்வி கேட்பார், பையன் முழிப்பான். பார்லிமென்டில் நேர்மாறு. கடைசி பெஞ்சு கேட்கும், முதல் பெஞ்சு முழிக்கும்!

முழிக்க வேண்டும் என்பது சட்டம். முழிக்கிறதா என்பது கேட்பவரின் சாமர்த்தியம்.

மக்களவையில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். ஒரு நாளைக்கு நட்சத்திரக் கேள்வி 20. இவற்றுக்கு மந்திரி எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். நட்சத்திரம் இல்லாதவை 230. அவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். எந்தக் கேள்வி முதலில் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது.

கேள்வி எழுதுவதற்கு விதிகள் உண்டு. சாதாரணமாக 150 வார்த்தைக்கு மேல் போகக்கூடாது. வாதம் கூடாது, ஊகம் கூடாது, குத்தல் கிண்டல் கூடாது. என்னைப் போன்றவர்கள் தேர்தலில் நிற்காமல் இருப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

இந்த விதிகளால் கேள்விகளுக்கென்று ஒரு தனி பாஷையே உருவாகிவிட்டது. '(அ) இன்னது நடந்தது உண்மையா? (ஆ) ஆமெனில், அதன் விவரம் என்ன? (இ) இல்லையெனில், அதற்கான காரணம் என்ன?' படிக்கிறவனுக்குக் கொட்டாவி வரும். ஆனால் அந்த (ஆ)-வும் (இ)-யும் சேர்ந்து போடுகிற பிடி உடும்புப் பிடி. ஆம் என்றாலும் விவரம் வேண்டும், இல்லை என்றாலும் காரணம் வேண்டும். தப்பிக்க ஒரே வழி, 'தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது' என்பது. அதற்கும் பூட்டு உண்டு. அவையில் கொடுத்த வாக்குறுதிகளை நோட்டுப் போட்டுத் துரத்த ஒரு தனிக் கமிட்டி இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது கணக்கு. நடைமுறையில் மூன்று மாதம் என்பது கல்யாண வீட்டில் 'சாப்பாடு இதோ ஆச்சு' என்பது போலத்தான். ஆனாலும் நோட்டில் ஏறிவிட்டது ஏறியதுதான்.

இது கல்பாக்கத்தில் எப்படி வேலை செய்யும்? உதாரணத்துக்கு வேக ஈனுலையை எடுத்துக்கொள்ளுங்கள். 500 மெகாவாட். 2003-ல் அனுமதி கொடுத்தபோது மதிப்பு 3,492 கோடி ரூபாய். 2010 செப்டம்பரில் முடிப்பதாகத் திட்டம். 2004 அக்டோபரில் வேலை தொடங்கியது. இரண்டே மாதத்தில் சுனாமி வந்து அஸ்திவாரக் குழியையே ரொப்பிவிட்டுப் போனது. அது இயற்கை. அதற்குப் பிறகு? மதிப்பு முதலில் 5,677 கோடியாயிற்று, பிறகு அதையும் தாண்டியது. 2010 போனது, அதற்கப்புறம் சொன்ன வருஷங்களும் போயின. கடைசியில் பிரதமர் முன்னிலையில் உலையின் மையப்பகுதியை நிரப்பும் வேலை தொடங்கியது 2024 மார்ச் 4-ம் தேதி.

புதிய தொழில்நுட்பம், தாமதம் ஆகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தேதியும் ரூபாயும் நமக்கு எப்படித் தெரிந்தன? அவற்றில் பலவும் பார்லிமென்டில் எவரோ ஒரு எம்.பி. ஆமெனில் விவரம் கேட்டதால் வந்தவை. ஒரு பதிலைத் தனியாகப் படித்தால் மந்திரி ஜெயித்த மாதிரி இருக்கும். பத்து வருஷப் பதில்களை வரிசையாக அடுக்கிப் படித்தால் கணக்கு தானாகப் பேசும். பேங்க் பாஸ்புக் மாதிரி. ஒரு வரியில் ஒன்றும் தெரியாது, மொத்தப் பக்கத்தில் மனுஷன் குணமே தெரிந்துவிடும்.

'கேள்வி கேட்டு என்ன சார் ஆகப் போகுது?' என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1957. எல்.ஐ.சி. பிறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஹரிதாஸ் முந்த்ரா என்கிற வியாபாரியின் ஆறு கம்பெனிப் பங்குகளில் பாலிசிதாரர் பணம் ஒன்றேகால் கோடி ரூபாய் வாக்கில் போடப்பட்டிருந்தது. விஷயம் கேள்வி நேரத்தில் எழுந்தபோது நேரான பதில் வரவில்லை. டிசம்பர் 16-ம் தேதி எழுந்து நின்றார் ரேபரேலி எம்.பி. ஃபெரோஸ் காந்தி. எந்தப் பதவியும் இல்லாதவர். ஆளுங்கட்சிக்காரர். அதைவிட, பிரதமர் நேருவின் மாப்பிள்ளை! மாமனார் அரசாங்கத்தையே மடக்கினார். தேதி, தொகை, கடிதம் என்று ஒவ்வொன்றாக வைத்தார். நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை வந்தது, வெளிப்படையாக நடந்தது, மளமளவென்று முடிந்தது. 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி பதவி விலகினார். அவர் வேறு யாருமல்ல, நம்ம சென்னை டி.டி. கிருஷ்ணமாச்சாரி.

ஃபெரோஸ் காந்தி அன்று கூச்சல் போடவில்லை, மேஜையைத் தட்டவில்லை. ஹோம் வொர்க் செய்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் ரகசியம்.

நம்மவர்களிலும் உண்டு. தி.மு.க.வின் இரா. செழியன் 1971-லிருந்து 73 வரை பொதுக் கணக்குக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். அரசாங்கம் செலவழித்த பணத்துக்கு, தணிக்கை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அதிகாரிகளைக் கேள்வி கேட்கிற குழு அது. எமர்ஜென்சி அத்துமீறல்களைப் பற்றிய ஷா கமிஷன் அறிக்கை கண்ணிலேயே படாமல் போனபோது, அதைத் தேடிப் பிடித்து 2010-ல் மறுபடி புத்தகமாகக் கொண்டுவந்தவரும் அவர்தான். எம்.பி. பதவி முடிந்து எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு! கேட்கிற புத்தி பென்ஷனோடு போகிறதில்லை.

அதே பொதுக் கணக்குக் குழுதான் பின்னாளில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பக்கமும் திரும்பியது. 2012-ல் வந்த தணிக்கை அறிக்கையைக் கையில் எடுத்து, 2013 டிசம்பரில் தன் அறிக்கையைக் கொடுத்தது. தணிக்கையாளர் கண்டுபிடித்த ஒரு விஷயத்தைக் கேளுங்கள். கதிரியக்கப் பாதுகாப்பு விதிகளை மீறினால் அதிகபட்ச அபராதம் 500 ரூபாய். நம்ம ஊர் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் மாட்டினால் கட்டுகிற தொகையும் அதுதானே! இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானி தேவைப்படவில்லை. ஃபைலைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிற ஒரு ஆடிட்டரும், அந்த அறிக்கையை மூட்டை கட்டி வைக்காத எம்.பி.க்களும் போதுமாக இருந்தார்கள்.

கல்பாக்கம் இருப்பது காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதியில். அதே தொகுதியில்தான் உத்திரமேரூரும் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள் என்பதுவரை பாடத்தில் படித்திருப்போம். அதே கல்வெட்டில் இன்னொரு விதி இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் பேரைக் குடத்தில் போடக்கூடாது. அவன் மட்டுமில்லை, அவன் சொந்தக்காரர்களும் அவுட்! ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இந்தத் தொகுதிக்காரர்களுக்குக் கணக்கின் அருமை தெரிந்திருக்கிறது.

கேள்விகளுக்கு வந்த பதில்களை மக்களவையின் வெப்சைட்டிலேயே போடுகிறார்கள். நம்ம எம்.பி. என்ன கேட்டார், எத்தனை கேட்டார் என்று வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். திருவிழாவுக்கு வரவில்லை, கல்யாணத்துக்கு வரவில்லை என்று எம்.பி.யைக் கோபித்துக்கொள்கிற நாம், கேள்வி கேட்கவில்லை என்று ஒரு நாளாவது கோபித்துக்கொண்டிருக்கிறோமா?

சதுரங்கப்பட்டினத்துப் பெரியவரின் கேள்வியை டெல்லி பாஷையில் எழுதிப் பார்த்தேன். வாதம் இல்லை, ஊகம் இல்லை, கிண்டல் சுத்தமாக இல்லை. 150 வார்த்தைக்குள் தாராளமாக அடங்குகிறது. எந்த எம்.பி. வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், காப்பிரைட் கிடையாது:

(அ) கல்பாக்கம் நிலையங்களில் ஏதேனும் விபத்து நேர்ந்தால் சுற்றியுள்ள மீனவர் குப்பங்களுக்கு உடனே தெரிவிக்க ஏற்பாடு உள்ளதா?

(ஆ) ஆமெனில், அதன் விவரம் என்ன?

(இ) இல்லையெனில், அதற்கான காரணம் என்ன?