விரல் அறிந்த எழுத்து

தில்லி கிட்வாய் நகரிலிருந்து ரிங் ரோட்டைக் கடந்தால் எய்ம்ஸ். அதன் வளாகத்தில் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம். பார்வையை மீட்கும் மருத்துவத்தின் வரலாறு இத்தகைய கட்டடங்களாக எழுந்து நிற்கிறது. பார்வை மீளாதவர்கள் எவ்வாறு படிக்கத் தொடங்கினர் என்னும் வரலாறோ பெரும்பாலும் பள்ளி நிறுவியவர்களின் கருணைக் கதையாகவே சொல்லப்படுகிறது. உண்மையில் அதன் மையத்தில் இருந்தது ஒரு வினா: பார்வையற்றவர் படிக்கும் எழுத்து எவ்வாறு அமைய வேண்டும் என்று தீர்மானிப்பது யார்?

1780-களில் பாரிசில் பள்ளி தொடங்கிய வாலண்டைன் ஹவுய், அச்செழுத்தையே மேடுறச் செய்து மாணவரைத் தடவிப் படிக்கச் செய்தார். அது கண்ணுக்கு இசைந்த வடிவம். விரல் அதில் மெல்லவே நகர்ந்தது. அம்முறையில் எழுதுவதும் எளிதன்று. 1819-இல் அப்பள்ளியில் சேர்ந்த லூயி பிரெயில், சார்ல் பார்பியேயின் பன்னிரு புள்ளி முறையை ஆறாகச் சுருக்கினார். ஒரு விரல்நுனியில் அடங்கும் அந்த ஆறு புள்ளிகள் 63 குறிகளைத் தந்தன. 1829-இல் அம்முறை நூலாக வெளிவந்தது. பார்வையுள்ள ஆசிரியர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றியது. மாணவர்களோ அதைக் கைவிடவில்லை. முறையான ஏற்பு 1854-இல் கிடைத்தபோது பிரெயில் மறைந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன.

இந்தியாவில் 1887-இல் ஆனி ஷார்ப் அமிர்தசரசில் தொடங்கிய பள்ளி முதலாவதாகக் கருதப்படுகிறது. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையாரும், கல்கத்தாவில் லால் பிஹாரி ஷாவும் அடுத்த பத்தாண்டுகளுக்குள் இப்பணியில் இறங்கினர். ஆனால், இந்திய மொழிகளுக்கென வெவ்வேறு பிரெயில் முறைகள் உருவாகி ஒன்றோடொன்று இசையாமல் நின்றன. ஒரு முறையில் பயின்றவருக்கு மற்றொரு முறையில் அச்சான நூல் பயன்படவில்லை. 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் இச்சிக்கலைத் தீர்த்தது. அதில் தமிழின் ககரத்துக்கும் இந்தியின் ககரத்துக்கும் குறி ஒன்றே.

தமிழைப் பொறுத்தவரை அம்முறை மற்றொன்றையும் செய்தது. அச்சில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறி ககரத்தின் இருபுறமும் நிற்கிறது. பிரெயிலில் முதலில் ககரம், அடுத்து ஒகரம் என ஒலிக்கும் வரிசையிலேயே எழுத்துகள் வருகின்றன. மெய்யின் புள்ளியோ எழுத்துக்கு முன்னரே வந்து விரலுக்கு அறிவித்துவிடுகிறது. அச்சு வடிவத்தின் நகலாக நில்லாமல் தனக்கென இலக்கணம் கொண்ட எழுத்துமுறை அது.

இன்று ஒலிநூலும் திரைவாசிப்பானும் வந்த பின் பிரெயில் எதற்கு என்னும் கேள்வி பல்கலைக்கழகங்களிலும் எழுகிறது. அவற்றின் பயன் பெரிது. எனினும், பேச்சில் ண, ன வேறுபாடும் ல, ள, ழ வேறுபாடும் பலரிடம் மங்கிவிட்ட மொழி நம்முடையது. கேட்டு மட்டுமே கற்கும் மாணவர் ‘பனி’யையும் ‘பணி’யையும் எழுத்தில் எங்ஙனம் பிரித்தறிவார்? பிரெயில் வேண்டாம் என்று அவருக்காக நாம் முடிவுசெய்தால், பாரிசின் பார்வையுள்ள ஆசிரியர்கள் செய்ததையே மீண்டும் செய்தவர்களாவோம். கருவி எதுவாயினும் தேர்வு படிப்பவருடையது. அத்தேர்வில் எழுத்தும் இடம்பெற்றிருப்பதை உறுதிசெய்வது கல்வி நிறுவனங்களின் கடமை.