சுளகும் கொப்பியும்

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மணி அடித்து ஓய்கிறது. பின்தெருவில் ஒரு வீடு. தகரக் கூரையில் தூறல். தொலைக்காட்சியில் ‘7ஆம் அறிவு’. 2011 தீபாவளிக்கு வந்த படம். இந்த வீட்டில் இது ஐந்தாவது தடவை.

தரையில் அப்பாயி. மடியில் சுளகு, சுளகில் மிளகு. காம்பு ஒரு பக்கம், பொக்கு ஒரு பக்கம், தேறியது பெட்டிக்குள். கண் திரையில். விரல் தன்பாட்டுக்குப் பொறுக்குகிறது.

பக்கத்தில் பேத்தி. கராத்தே உடுப்பை இன்னும் மாற்றவில்லை. இடுப்பில் பச்சை பெல்ட். முடிச்சு விழும் இடம் நைந்திருக்கிறது. முழங்காலில் கொப்பி. நடுவே அடிமட்டம் வைத்துக் கிழித்த கோடு. இடப்பக்கம் ‘படம்’. வலப்பக்கம் ‘புத்தகம்’.

திரையில் சூர்யா. போதிதர்மன் குதிரையேறிச் சீனாவுக்குப் போகிறார். பேனை எழுதுகிறது: ‘குதிரை.’ எதிரே: ‘கப்பல். தெற்குச் சீனாவில் இறங்கியதாகச் சீன மரபு.’

‘காஞ்சிபுரத்து இளவரசன்.’ எதிரே இரண்டு வரி. ‘யாங் சுவான்சி, 547: பாரசீகத் துறவி.’ ‘தான்லின்: தென்னிந்திய அரசனின் மூன்றாவது மகன்.’ எதையும் அவள் வெட்டவில்லை. இரண்டும் அப்படியே நிற்கின்றன.

‘குங்ஃபூ கற்றுக் கொடுத்தார்.’ எதிரே: ‘அவர் பெயரைச் சொல்லும் யீ ஜின் ஜிங் நூல், 1624.’ ஓரத்தில் ஒரு கழித்தல் கணக்கு. விடை ஆயிரத்தைத் தாண்டுகிறது. அதன் கீழே இரட்டைக் கோடு.

“பிழை புடிக்கவாடி படம் பாக்குற?”

“புடிச்சதுனாலதான் அப்பாயி பாக்குறேன்.”

கொப்பியின் பின்னட்டையில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. தம்புள்ளை போகும் வழியில் உள்ள நாலந்தா கெடிகே. பல்லவச் சாயலில் கட்டிய பௌத்தக் கல்கோயில். போவத்தன்ன நீர்த்தேக்கம் வந்தபோது கல் கல்லாகப் பிரித்து, மேட்டில் மறுபடி அடுக்கிய கட்டடம். படத்தின் கீழே ஒரு சொல்: ‘உண்மை.’

கிராமத்தார் கொடுத்த நஞ்சுச் சோற்றைப் போதிதர்மன் வாங்குகிறார். தெரிந்தே உண்கிறார். பேனை நிற்கிறது. சுளகும் நிற்கிறது. மண் விழுந்து மூடிய பிறகுதான் அப்பாயியின் விரல் அசைகிறது. பேத்தி மெல்ல எழுதுகிறாள்: ‘சீனக் கதை. கல்லறைக்குள் ஒற்றைச் செருப்பு.’

இப்போது சென்னை. ஆய்வுகூடம். மூதாதையின் திறமை வம்சத்தின் டி.என்.ஏ.யில் உறங்குகிறதாம். தட்டி எழுப்பினால் போதுமாம். இடப்பக்கம் ஒரு வரி விழுகிறது. வலப்பக்கம் வெறுமை. அவள் தன் கைமுட்டியைத் திருப்பிப் பார்க்கிறாள். மொளியில் காய்ப்பு.

விளம்பரம்.

எழுந்து பாயைச் சுருட்டுகிறாள். கால்விரல் நுனியில் ஒரு மிளகை வைக்கிறாள். ஹெயான் ஷோடான். வெள்ளை பெல்ட் நாளிலிருந்து செய்யும் அதே கட்டா. 21 அசைவு. தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். இடப்பக்கம் திரும்பல், தடுப்பு, அடி. மூச்சு. மூலையில் அலுமாரி இடிக்காமல் ஒரு வளைவு. கடைசித் தடுப்பு.

மிளகு ஒரு சாண் தள்ளிக் கிடக்கிறது.

குனிந்து சாணை அளக்கிறாள். கொப்பியை எடுக்கிறாள். வலப்பக்க வெறுமையில் எழுதுகிறாள்: ‘ஒரு சாண்.’ தேதி போடுகிறாள்.

படம் மறுபடி தொடங்குகிறது. சூர்யா கண் திறந்து எழுகிறார். எதிரிகள் பறக்கிறார்கள். பேத்தியின் முதுகு திரைப்பக்கம். கால்விரல் நுனி மிளகைத் தேடிப் பொருந்துகிறது.

அப்பாயி திரையிலிருந்து கண் எடுக்காமல், சுளகைச் சுவர்ப்பக்கம் இழுத்து இடம் விடுகிறாள்.