கோடு போட்டு உளி வை

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா மாமல்லபுரத்தில் கல் செதுக்குகிறார். செங்கற்பட்டுக்குத் தினமும் பஸ்ஸில் வந்து படிக்கிறேன்.

அம்மாவின் மகளிர் சுயஉதவிக் குழுவில் பன்னிரண்டு பேர். அவர்களுடைய சேமிப்புக் கணக்கைச் சென்ற விடுமுறையில் மைஎஸ்கியூஎல்லில் ஏற்றினேன். “இனி நோட்டு எதற்கம்மா?” என்று பெருமையடித்தேன்.

ஒருநாள் ஒருவரின் தொகையைத் திருத்த ‘அப்டேட்’ கட்டளை தட்டினேன். யாருடைய கணக்கு என்று குறிக்கும் ‘வேர்’ பகுதியை மறந்துவிட்டேன். பன்னிரண்டு பேர் சேமிப்பும் ஒரே தொகையாகிவிட்டது! ‘ரோல்பேக்’ தட்டியும் பயனில்லை. அங்கே ‘ஆட்டோகமிட்’ இயல்பாகவே இயங்குகிறது; ஒவ்வொரு கட்டளையும் முடிந்தவுடன் நிலைபெற்றுவிடும். அம்மாவின் நோட்டுதான் காப்பாற்றியது.

அப்பா கடிந்துகொள்ளவில்லை. “முதல்ல கோடு போட்டுப் பாக்கணும்டா. உளி பட்டா பட்டதுதான்” என்றார்.

இப்போது உள்ளே நுழைந்ததும் ‘செட் ஆட்டோகமிட் = 0’ என்று தட்டுகிறேன். மாற்றியபின் ‘செலக்ட்’ கொண்டு பார்க்கிறேன். சரியானால் ‘கமிட்’, தவறானால் ‘ரோல்பேக்’.

நண்பர்களே, சில எச்சரிக்கைகள்: இந்த அமைப்பு அந்த இணைப்புக்கு மட்டுமே, மறுமுறை நுழைந்தால் மீண்டும் தட்ட வேண்டும். ‘கமிட்’ செய்யாமல் வெளியேறினால் செய்த வேலை வீண். ‘டிராப் டேபிள்’ போன்ற கட்டளைகளோ நம்மைக் கேளாமலே நிலைபெற்றுவிடும். ஆரக்கிளின் எஸ்கியூஎல் பிளஸ்ஸில் ஆட்டோகமிட் தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டிருக்கும். எனவே எங்கே அமர்ந்தாலும் முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா இன்றும் நோட்டு எழுதுகிறார். வேண்டாமென்று நான் சொல்வதில்லை.