அரிவரி வகுப்பில் ஒரு பட்டதாரி

இலண்டன் மாநகரிலே வாழும் எம் தமையனாரின் புதல்வி சென்ற வாரம் தொலைபேசியில் எம்மை அழைத்தாள். உளவியலிலே பட்டம் பெற்றவள். கறுப்பு அங்கியும் தொப்பியும் அணிந்து அவள் நிற்கும் படம் எங்கள் வீட்டு விறாந்தையை இன்றும் அலங்கரிக்கின்றது. அத்தகையவள், "சித்தப்பா, மூன்று வருஷம் படிச்சுப்போட்டு இப்ப சின்னப் பிள்ளையளுக்குச் சப்பாத்து நூல் கட்டிவிடுறன்" என்றாள். குரலிலே சிரிப்பு இருந்தது. சிரிப்புக்குள்ளே வேறொன்றும் இருந்தது.

ஆரம்பப் பாடசாலை ஒன்றிலே உதவியாளராக அவள் சேர்ந்திருக்கிறாள். இங்கிலாந்திலே கல்வி உளவியலாளர் ஆக விரும்புவோர் பட்டத்தின் பின் மூன்றாண்டுக் கலாநிதிப் பயிற்சி ஒன்றை முடித்தல் வேண்டும். அப்பயிற்சிக்குள் நுழையுமுன் பிள்ளைகளோடு பழகிய அனுபவம் கேட்பார்கள். ஆதலால் உளவியற் பட்டதாரிகள் பலர் அங்கே வகுப்பறை உதவியாளராய்ச் சில காலம் இருந்து வருகின்றனர்.

நம் நாட்டிலே அப்பெயரோடு ஒரு பதவி வேரூன்றவில்லை. ஆனால் அவ்வேலை நமக்குப் புதிதன்று. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் வடபுலப் பாடசாலைகளிலே தொண்டர் ஆசிரியர் எத்தனையோ பேர் அதனையே செய்தனர். 2017ஆம் ஆண்டிலே வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தின் முன்னே நெடுநாள் அமர்ந்திருந்ததை நாம் மறந்துவிடவில்லை. 2020ஆம் ஆண்டிலே அரசாங்கம் பட்டதாரிகள் 50,000 பேரைப் பயிலுநராய்ச் சேர்க்கத் திட்டமிட்டு, மாதம் 20,000 ரூபா கொடுப்பனவு வழங்கியபோது, அவர்களுட் பலர் பாடசாலைகளுக்கே அனுப்பப்பட்டனர். "படித்தது ஒன்று, பார்ப்பது ஒன்று" என்று அவர்கள் மனம் நொந்ததையும் நாம் அறிவோம். ஏனெனில் அந்த நோவு நாமும் ஒரு காலத்திற் பட்டதே.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி கடல் பொங்கி இந்நாட்டிலே 30,000 பேருக்கு மேற்பட்டோரை விழுங்கியது. அடுத்த ஆண்டின் முதலாந் தவணையிலே, உளவியல் கற்றுப் பட்டம் பெற்று வேலையின்றியிருந்த நாம், வடமராட்சிக் கரையோரச் சிற்றூர் ஒன்றின் பாடசாலைக்குத் தொண்டராகச் சென்றோம். "தம்பி, பட்டம் எடுத்த பிள்ளை அரிவரி வகுப்பிலையோ போய் இருக்கிறது?" என்று அன்னையார் கேட்டார். நாமோ அந்தப் பிஞ்சு மனங்களின் அதிர்ச்சியை ஆற்றுவதற்கென்றே பிறந்தவர்போல நெஞ்சு நிமிர்த்திச் சைக்கிள் ஏறினோம்.

முதலாம், இரண்டாம் வகுப்புகள் இரண்டும் ஒரே மண்டபத்திலே நடந்தன. இடையிலே சுவர் இல்லை. முப்பதாண்டு அனுபவமுள்ள ஆசிரியை ஒருவர் இரண்டுக்கும் பொறுப்பு. நாம் முதலாம் வகுப்பிலே அவருக்குத் துணை. பென்சில் சீவுவதும், மூக்குத் துடைப்பதும், புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாய் எண்ணிக் கட்டுவதும் எம் தொழிலாயின.

ஒரு நாள், அகன்ற பாத்திரத்து நீரை ஒடுங்கிய குவளையில் ஊற்றினால் நீர் கூடிவிட்டதென்றே ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் எண்ணுவர் என்று பியாஜே என்னும் அறிஞர் கண்டதை அவருக்கு விளக்கினோம். அவர் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "அதுதான் தம்பி, தேத்தண்ணி குடுக்க ஒரே அளவுக் கோப்பை வைச்சிருக்கிறன். இல்லாட்டி ஒவ்வொரு நாளும் சண்டை" என்றார். நாம் சிரித்தோம். அச்சிரிப்பிலே சற்று ஏளனமும் கலந்திருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறோம்.

அவ்வகுப்பிலே ஒரு சிறுவன் இருந்தான். பெயர் வேண்டாம். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. அலை அவர்களுடைய வீட்டைக் கொண்டுபோய்விட்டது. அழைத்தால் சில வேளை வருவான். சில வேளை அசையான். மற்றைப் பிள்ளைகள் சிரித்து முடித்த பின்னரே அவன் சிரிப்பான். "கடல் அதிர்ச்சி, மனம் ஒடுங்கிய நிலை, கவனச் சிதறல்" என்று எம் குறிப்புக் கொப்பியிலே அழகிய கையெழுத்தில் எழுதினோம். கடலை வரையச் சொன்னோம். அவன் ஆட்டுக்குட்டி வரைந்தான். "அச்சத்தை மறைக்கிறான்" என்று அதனையும் எழுதினோம். வீட்டாரோ பேய்க்குணம் என்று நூல் கட்டுவித்தார்கள். அவர்கள் கட்டியது நூல். நாம் கட்டியது புத்தகச் சொல். வேற்றுமை அவ்வளவே.

இவ்வாறு நான்கு மாதங்கள் கழிந்தன. இரண்டாந் தவணையிலே ஒரு நாட் காலை ஆசிரியை எம்மருகே வந்தார். "தம்பி, அவனுக்குப் பின்னாலை நிண்டு மெல்லக் கூப்பிட்டுப் பாருங்கோ" என்றார். கூப்பிட்டோம். அவன் திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டோம். பக்கத்திலிருந்த சிறுமி முழங்கையால் அவனை இடித்தாள், உடனே திரும்பினான். "அவனுக்குக் காது கேளாது, சேர். நான் இடிச்சால்தான் எழும்புவான்" என்றாள் அவள், உலகம் அறிந்த செய்தி ஒன்றைச் சொல்பவள்போல. ஐந்து வயதுக் குழந்தை முதல் நாளே கண்டுகொண்டதைப் பட்டதாரி நான்கு மாதமாகியும் காணவில்லை!

அவனுடைய காதிலே சீழ் ஒழுகிக்கொண்டிருந்தது. அருகே உரத்துப் பேசினாற் கேட்கும். தூரத்து மென்குரல் கேளாது. உதட்டசைவைப் பார்த்தே அவன் பாதியை ஊகித்திருக்கிறான். நாம் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசிய போதெல்லாம் அவனுக்கு வகுப்பே இல்லை. மந்திகை ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கும் தாயாரோடு நாமும் சென்றோம். வைத்தியர் காதைச் சுத்தஞ் செய்து, மருந்து தந்து, கடலிலே முழுகவிடாமல் காக்கும்படி சொன்னார். "கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம்" என்றும் சொன்னார். ஒரு காது நன்கு தேறியது. மற்றையது முழுதும் தேறவில்லை. அந்த நான்கு மாதம் முந்தியிருந்தால் அதுவும் தப்பியிருக்குமோ என்று நாம் வைத்தியரைக் கேட்கவில்லை. கேட்கும் துணிவு வரவில்லை.

ஆசிரியை எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "படிச்ச பிள்ளை பார்க்கிறார் எண்டு நானும் கவனியாமல் விட்டிட்டன். என்ரை பிழையும்தான்" என்றார். கடிந்திருந்தால் ஆறியிருக்கும். அந்தச் சொல்லோ இருபதாண்டு கடந்தும் ஆறவில்லை. எம் பட்டம் எம் கண்ணை மட்டுமன்றி, முப்பதாண்டு பழகிய ஒரு கண்ணையும் அல்லவா மறைத்துவிட்டது!

இதனாற் பட்டம் பயனற்றது என்று கூற வந்தோமல்லோம். அன்று தொட்டு அவனை முன்வரிசையில் நல்ல காதுப் பக்கமாக அமர்த்தியதும், முகம் பார்த்துப் பேசியதும், எழுத்தெழுத்தாய் அவன் எதை இழந்தான் என்று கணக்கெடுத்து ஈடு செய்ததும் நாம் கற்ற கல்வியின் பயனே. 1905ஆம் ஆண்டிலே பாரிசு நகரத்து அறிஞர் பினேயும் சீமோனும் நுண்மதிச் சோதனையை ஆக்கியதன் நோக்கம் எந்தப் பிள்ளைக்கு மேலதிக உதவி வேண்டும் என்று கண்டறிவதே. பிள்ளையின் நெற்றியிலே பெயர் ஒட்டுவதன்று. இதனை நாம் பரீட்சைக்காக மனனஞ் செய்திருந்தோம். பொருள் விளங்கியதோ அந்தச் சீமெந்துத் தரையில், பிள்ளைகளோடு சப்பணம் கொட்டி இருந்தபோதுதான்.

இன்று நாம் கல்லூரியிலே உயர்தர மாணவருக்குப் பாடஞ் சொல்கிறோம். ஆண்டுதோறும் சிலர் வந்து, "சேர், உளவியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று வினவுவர். சம்பளமும் பதவியும் பற்றிய கேள்வி நியாயமானதே. வயிற்றுக்கு வழி வேண்டாமா? பட்டதாரிகளை ஆண்டுக்கணக்காய்க் காக்கவைப்பதும், உதவியாளர் என்றால் அற்பம் என்று எண்ணுவதும் சமூகத்தின் குற்றமே. ஆயினும் அரிவரி வகுப்பு தாழ்ந்த இடமன்று. அங்கே பிழைத்தால், பிழை ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுதும் தொடரும். ஆகவே அது உயர்ந்த இடம்.

தமையனார் மகளுக்கு இக்கதையை முதன் முறையாகச் சொன்னோம். மறுமுனையிலே சிறிது நேரம் பேச்சில்லை. பின்பு, "எங்கடை வகுப்பிலையும் ஒரு பிள்ளை இருக்குது, சித்தப்பா. நாளைக்குப் பின்னாலை நிண்டு கூப்பிட்டுப் பார்க்கிறன்" என்றாள்.

சப்பாத்து நூல் கட்டக் குனிபவருக்கே பிள்ளையின் முகம் அருகில் தெரியும் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தோம்.